மடு முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்கு

அன்புத் தம்பி தங்கைகளே, ஓகஸ்ட் விடுமுறை முகாமுக்குப் பெயர் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

"எனக்குச் செபம் சொல்ல வராது, மற்றவர்கள் சிரிப்பார்கள்" என்று சிலர் தனியாக எழுதியிருந்தீர்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். போன முறை வாயே திறக்காமல் இருந்த ஒரு தங்கச்சி, கடைசி இரவு செபமாலை முடிந்ததும் மெழுகுதிரியைப் பார்த்தபடி, "மாதாவே, வெளிநாட்டில் அம்மாவுக்கு வேலை கடுமை, அவவைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றாள். அவ்வளவுதான். அதைவிட நல்ல செபம் அந்த முகாமில் நான் கேட்கவில்லை.

வருமுன் வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: சண்டைக் காலத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்தபோது எப்படிச் செபித்தீர்கள்? சொல்ல மனமில்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து தப்பி வந்த கத்தோலிக்கர் மடுக் காட்டுக்குள் கொண்டுவந்த மாதா சுரூபம், 2008 ஏப்ரலில் சண்டைக்கு நடுவே தேவன்பிட்டி என்ற ஊருக்குப் போய், அதே ஆண்டு ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. அந்த நாட்களை உங்கள் வீட்டிலேயே பலர் கண்டிருக்கிறார்கள். கேட்டதை முதல்நாள் இரவு வட்டமாக இருந்து கதைப்போம்.

சைவப் பிள்ளைகளும் தாராளமாக வரலாம். மடுவுக்கு எல்லாச் சமயத்தவரும் வருவது நெடுநாள் வழக்கம். தேவாரம் தெரிந்தால் பாடுங்கள், நாங்கள் கேட்போம்.

சரி, கொண்டுவர வேண்டியவை: படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, டோர்ச், தண்ணீர்ப் போத்தல். செப நேரத்தில் போன்கள் பொறுப்பாளரிடம் இருக்கும். பெற்றோரின் சம்மதக் கடிதத்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு கையில் தாருங்கள்.