காங்கிரஸ் உறுப்பினர்களே, கோர்ட் கதவை நர்ஸுகளுக்கும் திறந்து விடுங்க

மதிப்பிற்குரிய அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. 1973-ல நீங்க போட்ட சர்ச் திருத்தம் பத்தி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. இதைப் படிக்கிற நம்ம ஆளுங்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை: இந்த 'சர்ச்' மாதா கோயில் இல்ல, ஃப்ராங்க் சர்ச்னு ஐடஹோ செனட்டர் ஒருத்தரோட பேரு. மத நம்பிக்கையாலயோ மனசாட்சிப்படியோ கருக்கலைப்புல பங்கெடுக்க முடியாதுன்னு சொல்ற டாக்டர், நர்ஸை, மத்திய அரசு நிதி வாங்குற ஆஸ்பத்திரி வேலையை விட்டு தூக்கக்கூடாது, பாகுபாடு பார்க்கக்கூடாதுன்னு அந்த சட்டம் சொல்லுது.

கருக்கலைப்புல என்னால பங்கெடுக்க முடியாதுன்னு வேலைக்கு சேர்ந்த அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன், ஃபைல்ல இருக்கு. ஆறு வருஷம் ஒரு பிரச்சனையும் வரல. போன மாசம் ஒரு நாள் காலையில ஆறே முக்காலுக்கு டியூட்டிக்கு போய் போர்டைப் பார்த்தா நாலாம் ரூமுக்கு நேரா என் பேரு. ரத்தம் கொட்டுற கேஸ் இல்ல, தாய் உயிருக்கு ஆபத்து இல்ல, பத்து நாள் முன்னாடியே தேதி குறிச்ச கருக்கலைப்பு கேஸ். சார்ஜ் நர்ஸ்கிட்ட போய் "என் லெட்டர் ஃபைல்ல இருக்கே"ன்னு சொன்னேன். பக்கத்து ரூம் நர்ஸ் பொண்ணு "நான் மாத்திக்கிறேன் அக்கா"ன்னு தானாவே முன்வந்தா, அவளுக்கு இதுல ஆட்சேபம் கிடையாது. ரெண்டு நிமிஷத்துல முடிய வேண்டிய விஷயம். ஆனா "ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, போகலன்னா நோயாளியைக் கைவிட்டதா எழுத வேண்டி வரும்"னு சொல்லிட்டாங்க. அப்படி எழுதினா என் லைசென்ஸ் போச்சு. வீட்டுல ரெண்டு பசங்க, க்ரீன் கார்டு இன்னும் கைக்கு வரல, அதுக்கு ஸ்பான்சர் பண்றதும் இதே ஆஸ்பத்திரிதான்.

போனேன்.

சிகிச்சைக்கு வந்த அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு துளி கோபம் இல்லைங்க. மயக்க மருந்து ஏறுறதுக்கு முன்னாடி பயந்துபோய் என் கையை இறுக்கிப் பிடிச்சா, அவ கண்ணு மூடுற வரைக்கும் நானும் விடல. அது என் வேலை, அதை எப்பவும் செய்வேன். அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னிக்கும் தூங்க விடமாட்டேங்குது. கருவி எண்ணணும், பஞ்சு எண்ணணும், எல்லாம் சரியா இருக்கான்னு சத்தமா சொல்லணும், கடைசியா பேத்தாலஜிக்கு, அதாவது திசுவைப் பரிசோதிக்கிற லேபுக்குப் போற டப்பாவுல லேபிள் ஒட்டி நேரமும் என் இனிஷியலும் போடணும். போட்டேன். என் கையெழுத்து எப்பவும் குண்டு குண்டா அழகா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, அன்னிக்கு அந்த டப்பா மேல அது கிறுக்கலா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து சின்னவனோட ஸ்கூல் பேப்பர்ல கையெழுத்து போடப் போனேன், பேனாவைக் கீழ வெச்சுட்டேன், அவங்க அப்பாதான் போட்டாரு.

அடுத்த வாரம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி "நீங்க என்ன மதம்?" மதம்னா 1964 சிவில் உரிமைச் சட்டத்துல ஒரு வழி இருக்காம், 2023-ல சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் கொஞ்சம் பலப்படுத்தியிருக்காம். நான் கோயிலுக்குப் போறதே வருஷத்துக்கு ஒரு தடவை. இது என் மனசாட்சி, அவ்வளவுதான். "அப்போ சர்ச் திருத்தம் இருக்கே, அதுல மனசாட்சியும் சேர்த்துதானே சொல்லியிருக்கு"ன்னேன். இருக்கு, ஆனா அதை வெச்சு நீங்களா கேஸ் போட முடியாதுன்னாரு. 2009-ல நியூயார்க்ல ஒரு நர்ஸுக்கு கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்திருக்கு, ஆஸ்பத்திரி அவசர கேஸ்னு சொல்ல அந்தம்மா இல்லன்னு சொல்ல, யார் சொல்றது உண்மைன்னு விசாரிக்கிற கட்டத்துக்கே போகல, இந்த சட்டத்துல தனி ஆள் வழக்கு போட உரிமை கொடுக்கலன்னு 2010 நவம்பர்ல அப்பீல் கோர்ட் முடிச்சு வெச்சிடுச்சு. சட்டம் யாருக்காகன்னு நீங்க எழுதுனீங்களோ அவங்களாலயே அதைக் கையில எடுக்க முடியாது, இது எந்த ஊர் நியாயம்?

சுகாதாரத் துறைக்கு புகார் எழுதலாம், அது ஒண்ணுதான் வழி. அங்க போனா என்ன ஆகும்னு வெர்மான்ட் நர்ஸ் கதையே போதும். விருப்பமில்லாம கருக்கலைப்புல பங்கெடுக்க வெச்சாங்கன்னு 2018-ல புகார் கொடுத்தாங்க, 2019-ல ஆஸ்பத்திரிக்கு விதிமீறல்னு நோட்டீஸ் போச்சு, 2020 டிசம்பர்ல ஆஸ்பத்திரி மேல அரசே கேஸ் போட்டுச்சு, ஜனவரியில ஆட்சி மாறிச்சு, 2021 ஜூலையில அரசே கேஸை வாபஸ் வாங்கிடுச்சு. இந்த சட்டத்தை அமல்படுத்த சுகாதாரத் துறை போடுற விதிமுறையும் அதே கதைதான். 2008-ல ஒண்ணு கொண்டு வந்தாங்க, 2011-ல அதுல பெரும்பகுதியை எடுத்தாங்க, 2019-ல வேற ஒண்ணு, அதை கோர்ட் ரத்து பண்ணுச்சு, 2024-ல இன்னொண்ணு. கருக்கலைப்பு செய்ய மறுக்குற ஆஸ்பத்திரி, டாக்டர்களைப் பாதுகாக்குற வெல்டன் திருத்தத்தை வருஷா வருஷம் பட்ஜெட்டோட சேர்த்து திரும்ப நிறைவேத்தணும். என் மனசாட்சி நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல்ல நிக்கணுமா?

அதனாலதான் கேக்குறேன். எங்களுக்கு நேரா கோர்ட்டுக்குப் போற உரிமையைக் கொடுங்க. புது விஷயம் ஒண்ணும் கேக்கல, இதுக்கான மசோதா 2016-ல உங்க கீழ்சபையிலயே நிறைவேறிச்சு, செனட்டைத் தாண்டல. அதுக்கப்புறம் எத்தனை தேர்தல் மேடையில எங்களைப் பத்தி பேசியிருப்பீங்க? ரெண்டு கட்சியையும்தான் சொல்றேன். கோவிட்ல கை தட்டுனீங்க, ஹீரோன்னீங்க, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளின்னு கணக்கு கேட்டா மட்டும் யாருக்கும் காது கேக்கல, ஆள் பத்தலங்கிற ஒரு சாக்கை வெச்சே எங்களை எந்த ரூமுக்கு வேணா தள்ளுறாங்க... சரி, அது வேற கடிதம்.

"இப்படி விட்டா பொண்ணுங்களோட சிகிச்சை என்ன ஆகும்"னு உங்கள்ல பாதிப் பேர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. கருக்குழாய்ல கரு தங்கி வெடிச்சு வந்த பொண்ணை ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டு தியேட்டருக்கு ஓடினவ நான். கரு தானா கலைஞ்சு வர்றவங்களுக்கும் கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ற அதே டி அண்ட் சி தான், அதே கருவிதான், அதுல ஒரு தடவை கூட முடியாதுன்னு சொன்னதில்ல. உயிர் போற அவசரத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்க எனக்கு உரிமை வேணும்னு நான் கேக்கவே இல்ல. முன்கூட்டியே தேதி குறிச்ச கேஸ்ல, மாத்திக்க ஆள் தயாரா நிக்கும்போது, என்னை விட்டுடுங்கன்னு கேக்குறேன். வேலைக்கு சேரும்போதே யாரால எது முடியாதுன்னு கேட்டு வெச்சுக்கிட்டா லிஸ்ட் போடும்போதே தீர்ந்துடும்.

இன்னொண்ணும் இருக்கு, இதை ரெண்டு பக்கமும் மறந்துடுறாங்க. சட்டப்படி கருக்கலைப்பு செஞ்சதுக்காகவும் ஒரு டாக்டர் மேல பாகுபாடு காட்டக்கூடாதுன்னு அதே சர்ச் திருத்தம் சொல்லுது. கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன 2022 டாப்ஸ் தீர்ப்புக்கு அப்புறம் அந்த டாக்டர்களுக்கும் பயம் இருக்கு. நான் கேக்குற கோர்ட் கதவு திறந்தா அவங்களும் அது வழியா வரலாம். வரட்டும். எனக்காக ரூம் மாத்திக்க வந்தாளே அந்தப் பொண்ணு, அவளுக்கும் சேர்த்துதான் கேக்குறேன்.

கோபத்துல ஏதாவது கூடக்குறைய எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. இந்தக் கூட்டத்தொடர்லயே அந்த மசோதாவை எடுத்து, பாதிக்கப்பட்டவங்களே வழக்கு போடலாம்ங்கிற உரிமையோட நிறைவேத்தித் தாங்கன்னு பணிவோட கேட்டுக்கிறேன். திங்கட்கிழமை காலையில ஆறே முக்காலுக்கு நான் மறுபடி அந்த போர்டு முன்னாடி போய் நிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்