நாலு மணிக்குப் பனி தள்ளும் வண்டி

டாவோஸ்
ஜனவரி 20

அன்புள்ள சிவத்துக்கு,

உமது கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கைக்குக் கிடைத்தது. தைப்பூசத்துக்குப் பேரனுக்கு ஏடு தொடக்க இருப்பதாக எழுதியிருந்தீர், மிக்க மகிழ்ச்சி. என் முழங்கால் பழையபடியே இருக்கிறது. ஹோட்டல் குசினியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு குளிர்காலம் கழிந்தும், விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வருகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வெளியே பனி தள்ளும் வண்டி வீதியைச் சுரண்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். நான் விளக்கைப் போட்டுப் புத்தகத்தை எடுப்பேன். அந்தப் புத்தகங்களைப் பற்றித்தான் நீர் கொஞ்சம் குத்தலாகக் கேட்டிருந்தீர்: கொலைகளுக்குப் பயந்து ஊரை விட்டுப் போன மனிதன், கிழவனான பிறகு கொலைக்கதை வாசிப்பது என்ன நியாயம் என்று. கேள்வி சரியானது. பதில் சொல்வதற்கு முன், நான் வாசிப்பது எந்த வகைக் கதை என்று சொல்லிவிடுகிறேன்.

மலையுச்சியில் ஒரு சுற்றுலா ஊர், குளிர்காலம், ஹோட்டல்கள் நிறைய அந்நியர்கள், ஒரு சாவு. பொலிஸ் வந்து சேரத் தாமதமாகிறது, அல்லது வந்தும் ஒன்றும் பிடிபடாமல் நிற்கிறது. துப்புத் துலக்குவதோ அதைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர்: சமையல்காரி, வங்கிக்காரர், விடுமுறைக்கு வந்த யாரோ. இப்படிப்பட்ட நாவல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். பாதிக்கு மேல் குப்பை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேலாக அப்படியொரு ஊரிலேயே இருந்துவிட்டதால், எழுதியவருக்கு இந்த வாழ்க்கை தெரியுமா தெரியாதா என்பதை நாலாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறேன். அது தனியொரு துப்பறியும் வேலை.

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில் இந்த ஊரில் இருந்தவர் என்று உமக்கு எப்போதாவது எழுதினேனா? அவருடைய மனைவிக்குக் காசநோய் என்று தெரிந்ததும், 1,560 மீற்றர் உயரத்திலுள்ள டாவோஸின் உலர்ந்த காற்று நோயைத் தணிக்கும் என்ற அந்தக் கால நம்பிக்கையில் அவளை இங்கே அழைத்து வந்தார். 1893 டிசம்பரில் ஹோம்ஸை, இதே சுவிற்சர்லாந்து நாட்டின் மைரிங்கன் ஊருக்கு மேலே உள்ள ரைக்கன்பாக் அருவியில் தள்ளிக் கொன்ற கதை லண்டனில் வெளியானது. வாசகர்கள் துக்கம் காத்துக்கொண்டிருக்கையில், மூன்று மாதம் கழித்து, 1894 மார்ச்சில், அவர் இந்த ஊரைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர்களோடு, 2,400 மீற்றருக்கும் உயரமான கணவாயொன்றைப் பனிச்சறுக்குப் பலகைகளில் கடந்து அரோசா என்ற ஊருக்குப் போனார். இறக்கத்தில் பெரும்பகுதியை உட்கார்ந்தபடியே சறுக்கி முடித்ததில் காற்சட்டை தேய்ந்துபோனதை, இந்தத் துணி தேயவே தேயாது என்று சொன்ன தையற்காரரைக் கிண்டல் செய்து, அவரே பத்திரிகையில் எழுதியிருக்கிறார். அரோசா ஹோட்டலின் பதிவேட்டில் அவருடைய தொழிலை எழுத வேண்டி வந்தபோது, சகோதரர்களில் ஒருவர் ‘விளையாட்டு வீரர்’ என்று எழுதிவிட்டாராம். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உலகப் புகழ்பெற்ற துப்பறிவாளனை உண்டாக்கியவர் பொய்யான தொழிலோடு ஒரு மலை ஹோட்டலில் பதியப்பட்டிருக்கிறார். இந்த வகை நாவல்களின் முதல் அத்தியாயம் அப்படித்தானே தொடங்கும்!

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பனியில் பதிந்த காலடிகளை இந்த எழுத்தாளர்களால் விட முடியவில்லை. காலையில் யன்னலைத் திறந்தால், கொலைகாரன் போன வழி ஓவியம்போலக் கிடக்கும். எங்கள் வீதியில் அப்படி ஒரு தடம் காலை நாலு மணியைத் தாண்டாது. வண்டி பனியைத் தள்ளிப் போய்விடும். பின்னால் ஒருவர் சறுக்காமலிருக்கப் பொடிக்கல் தூவிப் போவார். இதற்கு மாறாக, குளிரில் வாழ்கிறவர்கள் எல்லோரும் அறிந்த ஒரு தடயத்தை எழுதினவர் யாரையும் நான் காணவில்லை. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை, அதற்கும் கீழே இறங்கிவிட்டால், காய்ந்த பனியை மிதிக்கும்போது கறுக் கறுக்கென்று ஒரு சத்தம் எழும். கட்டிலில் படுத்துக்கொண்டே, போகிறவர் தனியாகப் போகிறாரா, நொண்டுகிறாரா, அவசரப்படுகிறாரா என்று சொல்லலாம். குளிர் குறைந்த இரவில் அந்தச் சத்தம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு சாட்சியின் பொய்யை உடைக்கலாம் அல்லவா? உடல் சில்லிடுவதை வைத்துச் செத்த நேரத்தைக் கணிப்பதைப் பற்றி, வைத்தியசாலையில் வேலை பார்த்த உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனியில் கிடந்த உடல் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும் என்பதை மட்டும் இவர்கள் ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள்.

நல்லவை என்று நான் எடுத்துவைப்பவை சில. பற்றீசியா மொய்ஸ் 1959-இல் எழுதிய முதல் நாவல் இத்தாலிய மலைகளில் நடக்கிறது. அதில் வரும் ஹோட்டலுக்குக் கம்பியில் தொங்கி ஓடும் கதிரையில் ஏறித்தான் போகலாம். மேலே உயிரோடு கதிரையில் ஏறியவன் கீழே பிணமாக வந்து சேருகிறான். கதவும் சுவரும் இல்லாத திறந்த வெளியையே, கொலைகாரன் நுழைந்திருக்கவே முடியாத பூட்டிய அறையாக்கிவிட்ட அந்த யோசனைக்காக மட்டும் அந்தப் பெண்மணியை வணங்கலாம். அந்தக் கதிரையில் நூறு முறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏறிய பிறகு இறங்கவும் முடியாது, எதிர்க்கதிரையில் கடந்து போகிறவர்களின் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. துப்பறிகிறவர் லண்டன் பொலிஸ் அதிகாரிதான். ஆனால் மனைவியோடு விடுமுறையில், பலகையில் நிற்கவே தெரியாமல் விழுந்தெழும்பிக்கொண்டிருக்கும் நிலையில் வருவதால் அவரை மன்னித்துவிட்டேன்.

என் மனதுக்கு மிக நெருங்கியவள், டயான் மொற் டேவிட்சன் படைத்த கோல்டி. கொலராடோ மலைகளில் ஒரு கற்பனை ஊர். அங்கே விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைப்பவள் அவள். 1990-இல் வந்த முதல் நாவலில், அவள் உணவு பரிமாறிய ஒரு சாவீட்டுக் கூட்டத்திலேயே அவளுடைய முன்னாள் மாமனாருக்கு நஞ்சு கலந்து கொடுக்கப்படுகிறது; விசாரணை முடியும்வரை அவள் தொழில் செய்யக் கூடாது என்று நிறுத்திவிடுகிறார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்தால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். பொழுதுபோகாமல் ஊரார் விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் சீமாட்டிகளிடம் இந்த நிர்ப்பந்தம் கிடையாது. அதைவிட, சமையல் செய்கிறவர் எல்லா வீட்டுக்குள்ளும் பின்வாசலால் போகிறார். யார் சாப்பிடவில்லை, யார் இரண்டு தரம் குடித்தார், எந்த மேசையில் கணவனும் மனைவியும் பேசாமல் எழுந்தார்கள் என்பது தட்டுகள் திரும்பி வரும்போதே குசினிக்குத் தெரிந்துவிடும். நாவல்களில் இடையிடையே சமையற் குறிப்புகளும் உண்டு. அவற்றில் வெண்ணெய் மிக அதிகம்.

எம்மா லேதன் என்ற பெயரில் இரண்டு பெண்கள், ஒருவர் பொருளியல் அறிஞர், மற்றவர் சட்டத்தரணி, சேர்ந்து எழுதிய கதைகளில் துப்பறிகிறவர் ஒரு வங்கியின் துணைத்தலைவர். மூவாயிரம் பேர்கூட இல்லாத லேக் பிளாசிட் என்ற அமெரிக்க ஊரில் 1980-இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கைப் பின்னணியாக வைத்து மறுவருடமே ஒரு நாவல் எழுதினார்கள். பனித்தாவல் வீரன் ஒருவன் அந்தரத்தில் பறக்கும்போதே சுடப்படுகிறான். வங்கிக்காரர் கள்ளக் காசோலைகளின் வழியே தேடிப் போகிறார். மனித மனத்தைவிடக் கணக்கை நம்புகிறவர்களுக்கு ஏற்ற கதை. உமது தம்பிக்குப் பிடிக்கும்.

இவர்கள் எல்லோரும் தொடத் தயங்குகிற ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர் நத்தார் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் உழைத்து வருடம் முழுவதும் சாப்பிடுகிறது. ஆகவே சாவு நேர்ந்தால், இது எப்படி வெளியே தெரியாமலிருக்கும் என்பதுதான் முதலில் எழும் கேள்வி. ஒரு முறை, பல வருடமாக எங்கள் ஹோட்டலுக்கு வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் இரவில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். சந்தேகப்பட ஒன்றும் இல்லை, இதயம் நின்றுபோயிற்று. அவரைச் சாமான் ஏற்றும் லிப்டில் இறக்கி, காலை ஐந்தரைக்கு, பாண்காரனின் வண்டி வந்து போன கையோடு, குசினி வாசலால் கொண்டுபோனார்கள். ஏழு மணிக்கு விருந்தாளிகள் முட்டையும் கோப்பியும் கேட்டு வந்து அமர்ந்தார்கள். அவருடைய மேசையில் வேறொரு குடும்பத்தை இருத்தியிருந்தோம். போத்துக்கேயப் பெண்ணொருத்தி, அறை துப்புரவு செய்கிறவள், அவருடைய மூக்குக்கண்ணாடியை என்ன செய்வது என்று கேட்டு என்னிடம் வந்தாள். அது கொலையாக இருந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அவளும் நானும் பாண்காரனும்தான். எங்களிடம் ஒருவரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஈஸ்டர் கழிந்து ஹோட்டல்கள் பூட்டி, மலைச்சரிவில் புல்லும் சேறுமாகத் தெரிகிற அந்த ஆறு வாரத்தில், ஊரில் எஞ்சியிருப்பவர்கள் மட்டும் மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். நான் எழுதினால் கதையை அங்கேதான் தொடங்குவேன்.

இப்போது உமது கேள்விக்கு வருகிறேன். அந்தப் புத்தகங்களில் ஒரே ஒருவர் சாகிறார். அவர் நல்லவராகக்கூட இருப்பதில்லை. பெரும்பாலும் ஊரே வெறுத்த ஆள். ஆனாலும் ஒரு சமையல்காரி தன் வேலையை விட்டுவிட்டு, முந்நூறு பக்கத்துக்கு, வீடு வீடாகப் போய், இவரைக் கொன்றது யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கேட்டால் பதில் கிடைக்கிறது. நம்முடைய ஒழுங்கையில் அப்படிக் கேட்கக்கூடியவர் யார் இருந்தார்? நீரும் நானும் கேட்டோமா?

போகட்டும். கேட்கக்கூடிய ஒன்றை இப்போது கேட்கிறேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஹோம்ஸ் கதைகளின் சிவப்பு மட்டைப் புத்தகம் ஒன்றை நாம் மாறி மாறி எடுப்போம், நினைவிருக்கிறதா? 1981 ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் விடியும்போது நூலகம் எரிந்து கிடந்தது. அதற்கு முந்திய கிழமை அந்தப் புத்தகம் வெளியே இருந்தது. அது எனக்கு உறுதி. என் பெயரில் எடுத்து உம்மிடம் தந்தேன் என்று நான் நினைக்கிறேன். நீர் அதைத் திருப்பிக் கொடுத்தீரா, இல்லை உமது ஐயாவின் மரப்பெட்டியில் இன்னும் கிடக்கிறதா? பேரனை விட்டுத் தேடச் சொல்லும். இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதும். தாமதக் கட்டணம் என் பொறுப்பு.

அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்