எவர்ட்டன் விழ வேண்டும் என்று விரும்பும் லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

நம்மவர்கள் நாலு பேர் கூடினால், லிவர்பூல் நகரத்தின் இன்னொரு கிளப்பான எவர்ட்டனைப் பற்றிய இரண்டு பேச்சு ஓய்வதே இல்லை. மேனேஜர் ஷான் டைச்சை இன்னும் நாலைந்து மாதம் வைத்திருந்தால் எவர்ட்டன் பிரீமியர் லீகை விட்டே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருக்கும், பழைய மேனேஜர் டேவிட் மோயஸைத் திரும்பக் கூட்டி வந்து நம் ஆசையைக் கெடுத்துவிட்டார்கள் என்பது ஒன்று. பழைய மைதானமான குடிசன் பார்க்கை விட்டுப் போன அன்றே அந்தக் கிளப் செத்துவிட்டது, துறைமுகத்துப் புது ஸ்டேடியத்தில் அவர்களுக்கு ஒன்றும் ஓடாது என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டுக் கேட்டு மனம் கசந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். நம் கிளப் கடந்து வந்த பாதை தெரிந்த ஒருவர் இப்படிப் பேசக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் டைச். 2023 ஜனவரியில் ஃபிராங்க் லாம்பார்டுக்குப் பதிலாக அவர் வந்தபோது அணி தரைமட்டத்தில் கிடந்தது. கடைசி நாளில் போர்ன்மத்தை 1-0 என்று வென்று, டூக்கூரேயின் ஒரே கோலில் தப்பித்தார்கள். அடுத்த சீசனில் நிதி விதிகளை மீறியதற்காக முதலில் 10 புள்ளிகள் பறிபோயின. மேல்முறையீட்டில் அது 6 ஆனது, பிறகு இன்னொரு வழக்கில் 2. ஆக எட்டுப் புள்ளி. களத்தில் 48 புள்ளி சம்பாதித்த அணி 40 புள்ளியோடு 15ஆம் இடத்தில் முடித்தது. அந்த 48இல் மூன்று புள்ளி யாரிடமிருந்து எடுத்தது என்பது நமக்கு மறக்காது. 2024 ஏப்ரல் 24, குடிசன், 2-0. பிரான்த்வெயிட் ஒன்று, கால்வர்ட்-லூயின் ஒன்று. நம் மேனேஜர் கிளாப் தன் கடைசி சீசனில் லீக் பட்டத்தோடு விடைபெறுவார் என்ற நம் கனவில் பெரிய ஓட்டை விழுந்த இரவு அது. அந்த மேனேஜரைத்தான் கையாலாகாதவர் என்கிறோம்.

டைச் ஆடவைத்த ஆட்டம் எனக்குப் பிடித்ததில்லை. 2024-25இல் முதல் 19 ஆட்டங்களில் மூன்றே வெற்றி, 17 புள்ளி. கோல் அடிக்கத் தெரியாத அணியாகிப் போயிருந்தது, இறங்கும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. அவர் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை எவர்ட்டன் ரசிகர்களே ஒப்புக்கொண்டார்கள். மோயஸ் வந்து மீதி 19 ஆட்டங்களில் 31 புள்ளி எடுத்தார். அணி பெரும்பாலும் அதேதான். அப்படியானால் குறை டைச்சிடம்தானே என்று கேட்பீர்கள். ஓரளவு ஆமாம். ஆனால் ஃபிரீட்கின் குழுமம் கிளப்பை வாங்கி முடித்ததே 2024 டிசம்பர் 19ஆம் தேதிதான். அதுவரை அடுத்த மாதம் கிளப் யார் கையில் இருக்கும், கடனை யார் கட்டுவார்கள் என்றே தெரியாமல் இரண்டு வருடம் அணி நடத்தியவர் டைச். வாங்க வந்த 777 பார்ட்னர்ஸ் பல மாதம் இழுத்தடித்து, கடைசியில் அந்தப் பேரமே கலைந்துபோனது. அந்த நிழல் விலகிய பிறகு வந்தவர் மோயஸ். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

மேனேஜர்களைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் மேனேஜர்களை வைப்பவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஃபர்ஹாத் மோஷிரி 2016இல் எவர்ட்டனுக்குள் வந்தார். மார்ட்டினெஸ் போனார். பிறகு கூமன், அலர்டைஸ், மார்கோ சில்வா, அன்செலோட்டி, பெனிடெஸ், லாம்பார்டு, டைச். ஒருவர் விருப்பத்துக்கு வாங்கிய ஆட்டக்காரர் அடுத்தவருக்கு வேண்டாதவர். கூமனின் எவர்ட்டனும் அலர்டைஸின் எவர்ட்டனும் ஒரே விளையாட்டையா ஆடின? நம் பழைய மேனேஜர் ரஃபா பெனிடெஸையே கூட்டிப் போய் அங்கே உட்கார வைத்தார்கள், ஏழே மாதத்தில் அனுப்பினார்கள். பணம் கொட்டியது, நஷ்டம் பெருகியது. முதல் வழக்கில் கணக்கிடப்பட்ட காலத்தில் அனுமதிக்கப்பட்ட நஷ்டம் 10.5 கோடி பவுண்டு, எவர்ட்டன் காட்டியது 12.45 கோடி. அதற்கான தண்டனையை மோஷிரியா அனுபவித்தார்? மழையில் நனைந்து குடிசனின் குவ்லாடிஸ் ஸ்ட்ரீட் பக்கம் நின்ற ரசிகர்கள் அனுபவித்தார்கள்.

இனி ஸ்டேடியம். இதில்தான் நம்மவர்கள் பேசுவது எனக்கு அதிக வலி.

குடிசனில் 1892 முதல் ஆடினார்கள். 1966 உலகக் கோப்பையில் அங்கே ஐந்து ஆட்டம் நடந்தது. வட கொரியா மூன்று கோல் முன்னிலையில் இருந்தபோது யூசேபியோ நான்கு அடித்துப் போர்ச்சுகலை 5-3 என்று கரையேற்றியது அங்கேதான். ஒரே லீக் சீசனில் 60 கோல் அடித்த டிக்ஸி டீன் 1980இல் உயிர் விட்டதும் அங்கேதான், நம்மோடு நடந்த டெர்பியை, அதாவது ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டத்தை, பார்த்துக்கொண்டிருந்தபோது. மைதானத்தின் ஒரு மூலையிலேயே புனித லூக்கா தேவாலயம். பின்னால் பள்ளிக்கூடம், சுற்றிலும் வரிசை வீடுகள். விரிக்க ஒரு அடி இடம் கிடையாது. புல்லென்ஸ் ரோடு பக்கம் மரப் பலகை இருக்கைகள், தூண் மறைத்துப் பாதிக் களம் தெரியாத இடங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைய பிரீமியர் லீக் வருமானக் கணக்குக்கு முன்னால் அந்த மைதானம் ஈடுகொடுக்க முடியாது. புது மைதானத்துக்கான கிங்ஸ் டாக் திட்டம் 2003இல் கைவிட்டுப் போனது. கர்க்பி திட்டத்தை 2009இல் அரசு நிராகரித்தது. கடைசியில் கைகூடியதுதான் இப்போது ஸ்டேடியம் நிற்கும் பிராம்லி-மூர் டாக்.

“நாம் நம் மைதானமான ஆன்ஃபீல்டை விட்டுப் போகவில்லையே” என்று மார்தட்டுகிறோம். எப்படிப் போகாமல் இருந்தோம் என்று நினைவிருக்கிறதா? ஸ்டான்லி பார்க்கில் புது ஸ்டேடியம் கட்ட நாமும் திட்டம் போட்டோம், அனுமதியும் வாங்கினோம். 2007இல் ஹிக்ஸும் ஜில்லெட்டும் கிளப்பை வாங்கியபோது, அறுபது நாளுக்குள் மண்ணில் மண்வெட்டி இறங்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். மண்வெட்டி இறங்கவே இல்லை. வரைபடத்துக்கும் ஆலோசகர்களுக்கும் கோடிகள் கரைந்தன. அந்தக் கடனும் நெருக்கடியும் வராமல் இருந்திருந்தால் நாமும் ஆன்ஃபீல்டுக்கு விடைகொடுத்திருப்போம், இடித்தும் இருப்பார்கள். 2012இல் இருக்கும் மைதானத்தையே பெரிதாக்குவது என்று புதிய உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவை நான் கொண்டாடுகிறேன். ஆனால் மெயின் ஸ்டாண்ட் உயர்ந்த இடத்தில் முன்பு தெருக்கள் இருந்தன. 1990கள் முதல் நம் கிளப் அங்கே வீடுகளை வாங்கிப் பூட்டிப் போட்டது. பலகை அடித்த வீடுகளுக்கு நடுவே வாழ்ந்த அக்கம்பக்கத்தார் வருடக் கணக்கில் அந்தப் பாழைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ஃபீல்டில் தங்கியதற்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கட்டியவர்கள் நாம் இல்லை.

2010 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். 15ஆம் தேதிதான் நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு 30 கோடி பவுண்டுக்குக் கிளப் கைமாறியது. கொஞ்சம் தாமதமாகியிருந்தால் திவால் நிர்வாகம், புள்ளி இழப்பு. எவர்ட்டனுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேர்ந்திருக்கும். இரண்டே நாளில் குடிசனில் டெர்பி. எவர்ட்டனின் காஹில், ஆர்டெட்டா அடித்தார்கள், 2-0. அன்று ராய் ஹாட்சனின் லிவர்பூல் அட்டவணையின் கடைசி மூன்று இடங்களுக்குள் கிடந்தது. ஹாட்சன் போனார், ஜனவரியில் நம் பழைய மனிதர் கென்னி டால்கிளிஷ் திரும்பி வந்து நிமிர்த்தினார். அவர்களுக்கு மோயஸ் ஒரு ஜனவரியில் திரும்பியபோது அதைக் கேவலம் என்று சொல்ல நம் வாய் எப்படித் திறந்தது?

எவர்ட்டன்காரர்களின் மனக்காயங்களில் நம் பங்கும் உண்டு. 1985 மே மாதத்தில் ஹோவர்ட் கெண்டலின் அணி லீக் சாம்பியன், ராட்டர்டாமில் கப் வின்னர்ஸ் கோப்பையும் கையில். அடுத்த வருடம் ஐரோப்பியக் கோப்பையில் ஆடக் காத்திருந்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி ஹெய்சல் மைதானத்தில் நம் ரசிகர்கள் பாய்ந்ததில் 39 பேர் உயிரிழந்தார்கள். மற்ற இங்கிலாந்துக் கிளப்புகளுக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து வருடத் தடை, நமக்கு ஆறு. 1987இலும் லீக் வென்ற எவர்ட்டன், அந்த இரண்டு பட்டங்களுக்கும் ஐரோப்பியக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவர்கள் நம்மை வெறுத்து ஒதுக்கியிருக்கலாம். ஆனால் 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நம்மவர்கள் நெரிசலில் நசுங்கிச் செத்தபோது, குடிசனிலிருந்து ஆன்ஃபீல்டு வரைக்கும் ஸ்டான்லி பார்க்கின் குறுக்கே கழுத்துத் துண்டுகளை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். நீலமும் சிவப்பும் கலந்திருந்தன. அதற்குப் பிறகு நம் அணி ஆடிய முதல் லீக் ஆட்டம் குடிசனில், அவர்களோடு. அங்கே இறந்த 97 பேரின் குடும்பங்கள் நியாயம் கேட்டு நின்ற பல வருடங்களில் அந்தப் பக்கம் நம்மைத் தனியே விடவில்லை. இந்தக் கதையைத் தெரியாமல் வளர்ந்த இளைய ரசிகர்கள்தான் இன்று அதிகம் கேலி செய்கிறார்கள். தெரிந்த மூத்தவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்கும் முன்னால் போனால், நாம் பிறந்ததே ஒரு மைதானத் தகராறில். ஆன்ஃபீல்டில் 1884 முதல் ஆடி, அங்கேயே 1891இல் லீகையும் வென்றது எவர்ட்டன். இடத்தைக் கையில் வைத்திருந்த மது ஆலைக்காரர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகைச் சண்டை முற்றி, ஜார்ஜ் மேஹன் தலைமையில் பூங்காவுக்கு மறுபுறம் போனார்கள். காலியான மைதானத்துக்கு ஒரு அணி வேண்டும் என்று ஹோல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல். அவர்கள் அன்று இடம் மாறவில்லை என்றால் நாம் இல்லை. இடம் மாறினால் கிளப் செத்துவிடும் என்று மற்ற யார் சொன்னாலும் சரி, நாம் சொல்லலாமா?

புது ஸ்டேடியத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1848இல் திறந்த துறைமுகத் தொட்டியை ஐரிஷ் கடல் மணலால் நிரப்பினார்கள். 2021இல் லிவர்பூலின் கடல்சார் வணிக நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, காட்டப்பட்ட காரணங்களில் இந்தத் திட்டமும் ஒன்று. அது இரு கிளப் ரசிகர்களுக்கும் சொந்தமான நகரத்தின் இழப்பு, அதைக் கேளுங்கள், விவாதியுங்கள். ஆட்டம் முடிந்து 52,000 பேர் வெளியேற சாண்ட்ஹில்ஸ் ரயில் நிலையம் போதுமா என்பதும் நியாயமான கேள்வி. கட்டுமானத்தில் ஒரு இளம் தொழிலாளி, அவரும் எவர்ட்டன் ரசிகர், 2023இல் உயிரிழந்தார். அந்தக் கட்டிடத்தைக் கேலிச் சித்திரமாக்கிப் பரப்புமுன் அதையும் நினையுங்கள். குடிசன் இடிபடாமல் எவர்ட்டன் பெண்கள் அணிக்குப் போனது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த செய்தி.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எவர்ட்டன் மேனேஜர் வேலை இழக்க வேண்டும், அணி இறங்க வேண்டும் என்ற பாட்டுகளை ஆட்டம் பார்க்கக் கூடும் இடங்களில் நிறுத்துங்கள். அவர்கள் 1954 முதல் ஒரு வருடம்கூட விடாமல் முதல் பிரிவில் இருக்கிறார்கள். அது அறுந்தால் வருடத்துக்கு இரண்டு டெர்பி நமக்கும் போய்விடும். கோபத்தை உரிமையாளர்கள் பக்கம் திருப்புங்கள், நம் உரிமையாளர்களையும் சேர்த்து. 2016இல் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள், நிர்வாகம் சில நாளில் பணிந்தது. இங்கிலாந்தில் 2025இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, சொந்த மைதானத்தை விற்கவோ வேறு இடத்துக்கு மாறவோ இனி கிளப்புகள் சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற வேண்டும். அந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதில் சிவப்பும் நீலமும் சேர்ந்து நிற்கலாம். முன்னுதாரணமும் இருக்கிறது: 2015இல் இரு அணி ரசிகர்களும் சேர்ந்து தொடங்கிய உணவு வங்கி ஆதரவு இயக்கம் இரண்டு மைதானங்களுக்கு வெளியேயும் உணவுப் பொருள் சேகரித்து வந்திருக்கிறது. நம் ஊர்களிலிருந்து அங்கே ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள், பையில் ஒரு டின் உணவாவது எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

மற்றபடி, அடுத்த டெர்பியில் அந்தத் துறைமுகத்து ஸ்டேடியமே வாயடைத்துப் போகும்படி நம் அணி அடிக்க வேண்டும் என்ற ஆசையில் நான் உங்களில் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

அன்புடன்,
உங்களில் ஒரு லிவர்பூல் ரசிகன்