இரண்டு வயதுக்குள் கவனிக்க வேண்டிய உயரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விலா எலும்பு தெரியும் குழந்தையின் படம் அதனுடன் வந்திருந்தது. நம் மாநிலத்தில் அப்படி மெலிந்த குழந்தைகளைவிட, பார்வைக்குக் குறை தெரியாமலே வயதுக்கேற்ற உயரமின்றி வளரும் குழந்தைகள் அதிகம் என்பதை, கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6 சதவீதம்.

உயரக் குறைவை வீட்டார் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அங்கன்வாடியில் அளந்து பார்த்துச் சொன்னால், "எங்க வம்சமே குட்டை வாகுதாம்மா" என்று பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பரம்பரைக்கும் பங்கு உண்டுதான். ஆயினும் போதிய உணவும் நோயற்ற சூழலும் அமைந்தால் ஐந்து வயது வரை எந்த நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே சீராக வளர்கிறது என்பதை, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் காட்டுகின்றன.

உடல் வளர்ச்சி தடைபடும் அதே மாதங்களில்தான் மூளையும் விரைவாக வளர வேண்டியிருக்கிறது. இரும்புச்சத்து போதாத குழந்தைக்குக் கவனமும் கற்கும் திறனும் குறைகின்றன. எதிர்ப்புச் சக்தி குறைந்து வயிற்றுப்போக்கும் சளிக் காய்ச்சலும் மாறி மாறி வர, ஒவ்வொரு முறையும் பசி மந்தித்து, உண்டதும் உடம்பில் ஒட்டாமல் குழந்தை மேலும் பின்தங்குகிறது. அப்படி வளர்ந்த பெண் கருவுறும்போது பிரசவம் சிக்கலாவதற்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் வாய்ப்பு அதிகம்.

இத்தனைக்கும் காரணம் வறுமை மட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் கொடுப்பது பருப்புத் தண்ணீரும் நீர்த்த கஞ்சியும்தான். எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஏறத்தாழ ஒரு டம்ளர்தான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாக மசித்த பருப்புச் சாதம், அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய், கொஞ்சம் கீரை, வேகவைத்து மசித்த முட்டை ஆகியவை பெரும்பாலான வீடுகளால் இயன்றவையே. மாந்தம் வரும் என்று முட்டையை ஒரு வயது வரை கண்ணில் காட்டாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் மூத்த பிள்ளைகளுக்கு மாலை உருண்டையாகிவிடுகிறது.

1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தையும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்தையும் நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அங்கன்வாடியில் சமைத்த உணவு இரண்டு வயதுக்குப் பிறகே கிடைக்கிறது. வளர்ச்சி பெரிதும் தடைபடுவதோ அதற்கு முன்பு, குழந்தை வீட்டிலிருக்கும் காலத்தில். ஆகவே ஆறாவது மாதத்திலும் ஒன்பதாவது மாதத்திலும் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே சென்று, பாட்டியையும் உடன் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்த அடுப்பில் உள்ள சாப்பாட்டிலேயே குழந்தைக்குரியதை மசித்துக் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து, ஒருவர் தலையையும் மற்றவர் காலையும் பிடித்தால்தான் நீளம் சரியாக வரும் என்பதால், பணியாளரும் உதவியாளரும் இல்லாத மையங்களில் காலியிடங்களை நிரப்புவதும் அவசரத் தேவையாகும். எடுத்த அளவைப் பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் தாயிடம் விளக்கிச் சொல்லவும் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.