தகப்பன் சொல்ல முடியாத பதில்

அன்புள்ள ஆசீர்வாதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பேரனுக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்ததையும் எழுதியிருந்தாய். கூடவே, "எஸ்தருக்கு ஏன் இன்னும் தாமதம்? நீ தகப்பன்தானே, சொல்லக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறாய்.

சொல்லலாம். என் முகத்துக்காக அவள் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளவும் செய்வாள். எனக்குப் பயமே அதுதான்.

எங்கள் பாப்டிஸ்ட் சபைகளின் முன்னோடிகளில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையின் நெருக்கடி தாங்காமல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனவர். அங்கே போதகர் ஜான் ஸ்மித்தோடு சேர்ந்து, குழந்தைகளுக்கு அல்ல, விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்ற முடிவுக்கு வந்தார். பத்திரமாக அங்கேயே இருந்திருக்கலாம். சொந்த ஜனங்களை விட்டு ஓடியது தவறு என்று சிறு கூட்டத்தோடு திரும்பி, லண்டனை அடுத்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சபை கூட்டினார். 1612இல் வெளிவந்த தம் நூலின் ஒரு பிரதியில் அரசர் முதலாம் ஜேம்ஸுக்குத் தம் கைப்படவே எழுதினார்: அரசர் சாகக்கூடிய மனிதர், தேவன் அல்ல, குடிமக்களின் அழியாத ஆத்துமாக்கள்மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. நூலுக்குள் இன்னும் துணிகிறார். மதபேதக்காரரோ, துருக்கியரோ, யூதரோ, யாரையும் விசுவாசத்துக்காகத் தண்டிக்க உலக அதிகாரத்துக்கு உரிமையில்லை என்கிறார். தம்மைத் துன்புறுத்துகிறவர்களிடம் தமக்காக மட்டும் கேட்காமல் எல்லோருக்காகவும் கேட்டாரே, ஆசீர்வாதம்! நியூகேட் சிறையில் அடைத்தார்கள். சில ஆண்டுகளில் இறந்துபோனார்.

அவர் சொன்ன காரணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது: ஒருவனுடைய விசுவாசத்துக்காக அரசர் தேவனிடம் பதில் சொல்லப்போவதில்லை. மனம்போல வாழ்வதற்காக ஹெல்விஸ் விடுதலை கேட்கவில்லை. "நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்" என்று ரோமர் 14:12 சொல்கிறதே, அந்த நாளுக்காகக் கேட்டார். அரசருக்கே இல்லாத இடம் தகப்பனுக்கு எங்கிருந்து வரும்?

இப்படி விட்டால் அவனவன் தனக்குத் தோன்றியதே வேதம் என்பான் என்று நீ சொல்வது நியாயமான கவலை. ஆனால் எங்களிடம் ஞானஸ்நானம் கேட்பவர் சபையார் முன் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், கேள்விகளும் வரும். சபை விசாரிக்கும், புத்தி சொல்லும். அவருக்குப் பதிலாக விசுவாசிக்க மட்டும் சபையால் முடியாது.

எஸ்தர் இப்போது ரோமரைத் தானாகவே வாசிக்கிறாள். அவள் கேட்கும் சிலவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் வற்புறுத்தவில்லை, ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீங்கள் வரும்போது அவளோடு நீயும் பேசு. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை நீயே உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்கு ஆயத்தமான நாட்களில் உன் மனதில் என்ன நடந்தது என்று கட்டாயம் கேட்பாள். ஒளிக்காமல் சொல்.

அன்புடன்,
ஞானராஜ்