அம்மிணிக்கு, கார் பாலிசி குறித்து

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நோம்பி முடிந்து நீ திருப்பூருக்குத் திரும்பிய மறுநாளே எழுத நினைத்தேன், தள்ளிப்போயிற்று. அன்று காலையில் உன் காரை வாசலில் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கப் பின்கதவின் வெள்ளை மற்றக் கதவுகளின் வெள்ளையைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்ததைப் பார்த்தேன். ஓரத்து ரப்பரும் புதியது. நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை, பாலிசியைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

கம்பெனி பெயரில் கார் இருந்தால் தேய்மானம் கழிக்கலாம், கடன் வட்டியைச் செலவில் காட்டலாம் என்று ஆடிட்டர் சொன்னது சரியான யோசனைதான். தனியாளாகத் தொடங்கிய தொழிலை நீ பிரைவேட் லிமிடெட் ஆக்கியதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பது உனக்குத் தெரியாது. உன் பெயருக்குக் கீழே 'மேனேஜிங் டைரக்டர்' என்று அச்சிட்ட அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்காதவர்களிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உன் பெயர் போய்க் கம்பெனியின் பெயர் ஏறிய அன்றைக்கே உனக்கு இருந்த ஒரு பாதுகாப்பு உன்னை விட்டுப் போய்விட்டது.

சொந்த வண்டியைச் சொந்தக்காரரே ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ, கைகால் போனாலோ கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு முன்பு காருக்கு 2 லட்சமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2018-இல்தான் அது 15 லட்சமாக உயர்ந்தது. அது ஆர்.சி.யில் பெயர் உள்ள, லைசென்ஸ் வைத்திருக்கிற மனிதருக்கு உரியது. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்தான் என்றாலும் அந்த ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது, எலும்பும் முறியாது. ஆகவே கம்பெனி காரின் பாலிசியில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. உன் ஸ்கூட்டருக்கு எடுத்த 15 லட்சம் இருக்கிறதே என்று நினைக்காதே. அது உன் பெயரில் உள்ள வண்டியை நீ ஓட்டும்போது மட்டும்தான். கார் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பார்.

மூன்றாம் தரப்புக் காப்பீடு எதிரே வருகிறவருக்கானது, உனக்கானதல்ல. இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளை ஓட்டி இறந்தவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர்தான், மூன்றாம் தரப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லியிருக்கிறது. கம்பெனியின் காரை ஓட்டும் டைரக்டரையும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்காவது தொழிலாளர் இழப்பீடு என்று பாலிசியில் இடம் உண்டு. நீயோ அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குமேல் தூத்துக்குடிக்கு நீயே ஓட்டிக்கொண்டு போகிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். கண்டெய்னர் காத்திருக்கும் என்கிறாய். காத்திருக்கட்டுமே.

இன்னொன்று. தனியார் காரில் சொந்தப் பெட்டியும் சாம்பிளும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. பின்சீட்டை மடக்கி வைத்து ஏழெட்டு அட்டைப்பெட்டி ஏற்றியிருந்தாயே, அது சாம்பிள் அல்ல என்பது பனியன் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வண்டிக்கு ஏதாவது ஆகி கிளெய்ம் கேட்கும்போது அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். பெயர் மாற்றத்தை ஆர்.சி.யோடு நிறுத்திவிட்டாயா, பாலிசியிலும் செய்தாயா? 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். தள்ளிப்போட்டிருந்தால் மூன்றாம் தரப்புக் காப்பீடு தொடரும், ஆனால் வண்டியின் சேதத்துக்குக் கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள். அதனால்தான் முதல் பக்கத்தைப் பார் என்கிறேன்.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ நினைக்கலாம். சித்தப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது என்று உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா, அது முழு உண்மையில்லை, அம்மிணி. அம்பாசடர் கார், நானும் அவனும் கூட்டாக நடத்திய தறிக்கூடத்தின் பெயரில் இருந்தது. அந்த வருஷம் பாலிசி புதுப்பிக்க வந்த ஏஜென்ட் திண்ணையில் உட்கார்ந்து, கூட்டாளிகள் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவதால் இருவர் பெயரையும் சேர்த்துத் தலைக்கு 2 லட்சத்துக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லி, படிவத்தில் என் பெயரையும் அவன் பெயரையும் எழுதியும் விட்டார். கணக்கு என் கையில் இருந்தது. தறிக்கு ஒரு நாடா வாங்கும் செலவுகூட ஆகாத அந்தத் தொகையை வீண் என்று சொல்லி, அவருடைய பேனாவையே வாங்கி, இரண்டு பெயர் மேலும் கோடு போட்டேன். எட்டு மாதம் கழித்துச் சூலூர் ரோட்டில் புளியமரம். காருக்குப் பணம் வந்தது. அதை வாங்கி நான் தறிக்குக் கட்டினேன். உன் சித்தி பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள்.

அந்தப் படிவத்தின் நகல் இன்னும் பீரோவில், நிலப் பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறது. சித்தியிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவள் இன்றைக்கும் பொங்கலுக்கு எனக்கு வேட்டி எடுத்து வருகிறாள்.

உன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள். எந்த வண்டியில் போனாலும், நடந்தே போனாலும் அது உன்னோடு வரும். காரோடு சேர்த்து எடுப்பது போதாது, தனியாகவே எடு. கட்டிங் மாஸ்டரும் மெர்ச்சண்டைசரும் உன் காரில்தான் வருகிறார்கள் என்றால், அவர்களுக்கும் கம்பெனி செலவில் போட்டுவிடு. முதல் தவணையை நான் கட்டுகிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்கிறேன்.

பாலிசியின் முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் ஒரு தடவை படிக்கிறேன். அந்தக் கதவைப் பற்றி எழுதத் தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் பக்கத்தை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா