பெட் கிரைண்டிங், டர்சைட் வேலையில் குறைபாடு: மறுவேலை கோரிப் புகார்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
மெஷின் டூல் மறுசீரமைப்புப் பிரிவு.

பொருள்: நாலரை அடி லேத்தின் பெட் கிரைண்டிங், சேடில் டர்சைட் வேலையில் உள்ள குறைகளை இலவசமாகச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்களிடம் பெட் கிரைண்டிங்குக்கு (அடித்தளமான பெட்டின் தேய்ந்த கைடுகளைக் கல்லால் தேய்த்துச் சமமாக்குவது) வந்து திரும்பிய லேத் (கடைசல் இயந்திரம்) கோவை வார்ப்பு. நாலரை அடி பெட், ஆறரை அங்குல சென்டர், கன்மெட்டல் புஷ்ஷில் ஓடும் கோன் புல்லி ஹெட்ஸ்டாக் (சுழலும் தண்டான ஸ்பிண்டில் உள்ள தலைப்பகுதி), புரி வெட்டும்போது சேடிலை இழுக்கும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நாலு புரி. வீட்டுப் பட்டறையில் ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஓடுவது. பெட் ஹார்டனிங் செய்யாத சாதா வார்ப்பிரும்பு. டூலைச் சுமக்கும் சேடில் ஓடுவது வெளி வி கைடிலும் வெளி ஃப்ளாட்டிலும். கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் ஓடுவது உள் வி, உள் ஃப்ளாட்டில். ஹெட்ஸ்டாக் தட்டை மேடையில் உட்காருகிறது, பின்பக்கம் இரண்டு ஜாக் ஸ்க்ரூ உண்டு. இதையெல்லாம் விவரமாக எழுதக் காரணம், கீழே சொல்லும் குறைகள் எல்லாமே இந்த அமைப்பைக் கவனிக்காததால் வந்தவை.

உங்கள் கொட்டேஷனில் இருந்தது இது: வெளி கைடுகளை மட்டும் கிரைண்ட் செய்வது, சேடில் அடியில் டர்சைட் (எளிதில் வழுக்கும் பிளாஸ்டிக் ஷீட்) ஒட்டி ஸ்க்ரேப் செய்வது (சுரண்டிப் பொருத்துவது), லீட் ஸ்க்ரூவை அசைக்காமல் சேடிலைப் பழைய உயரத்துக்கே கொண்டுவருவது, ஸ்பிண்டிலை பெட்டுக்கு இணையாக்கி டெஸ்ட் ரிப்போர்ட் தருவது. முழுப் பணமும் வாங்கிக்கொண்டீர்கள். ரிப்போர்ட்டும் வந்தது. பெயிண்ட்கூட அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், அதைக் கேட்கவில்லை.

லேத்தைத் தரையில் வைத்து, மீட்டருக்கு 0.02 மி.மீ. டிவிஷன் உள்ள லெவலால் பெட்டின் இரு முனைகளிலும் குறுக்கே பார்த்து, முறுக்கம் இல்லாமல் உட்காரவைத்த பிறகுதான் கீழே உள்ள அளவுகள் எடுக்கப்பட்டன. அந்த லெவல் உள் கைடுகளின் மேல் வைத்து எடுத்தது, ஏனென்றால் அவற்றை நீங்கள் தொடவில்லை. பெட் முறுக்கிக்கொண்டால் டேப்பர் (கடைசலின் விட்டம் முனைக்கு முனை மாறுவது) வரும் என்று உங்கள் சர்வீஸ் பொறுப்பாளர் போனில் சொன்னது சரிதான். இங்கே முறுக்கம் இல்லை.

முதலில் சேடிலின் உயரம். கைடுகளில் 0.30 மி.மீ. கழித்ததாக உங்கள் ரிப்போர்ட் சொல்கிறது. வி கைடின் இரு சரிவுகளும் 45 டிகிரி. வீல் ஹெட்டைச் சாய்த்து ஒவ்வொரு சரிவிலும் செங்குத்தாக 0.30 கழித்தால் சேடில் 0.30 இறங்காது, 1.414 மடங்கு, அதாவது 0.42 இறங்கும். ஃப்ளாட்டில் 0.30 கழித்தால் 0.30தான் இறங்கும். ஆகவே வி கைடில் உட்காரும் சேடிலின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 0.12 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. இரண்டு கைடுக்கும் இடைவெளி 260 மி.மீ. பெட்டின் நடுவில் சேடிலை நிறுத்தி, கிராஸ் ஸ்லைடு ஓடும் பரப்பில் 200 மி.மீ. லெவலை வைத்தால் குமிழி ஸ்கேலை விட்டே ஓடிவிடுகிறது. முன் முனைக்கு அடியில் 0.04, 0.05 இரண்டு ஃபீலர் இலைகளை வைத்த பிறகே நடுவுக்கு வருகிறது. கணக்கும் அதையேதான் சொல்கிறது: 260-க்கு 0.12 என்றால் 200-க்கு 0.09.

இது பெரிய தவறு அல்ல. கிரைண்டிங் செய்தால் எந்த சேடிலும் இறங்கத்தான் செய்யும். டர்சைட் ஒட்டுவதே அதைத் தூக்கத்தானே? ஆனால் நீங்கள் சேடில் அடியை 1.5 மி.மீ. மில்லிங் செய்து, அதே 1.5 மி.மீ. ஷீட்டை ஒட்டியிருக்கிறீர்கள். பசை 0.1 ஏற்றியது, ஸ்க்ரேப்பிங்கில் அந்த 0.1 போய்விட்டது. எடுத்த அளவும் ஒட்டிய அளவும் ஒன்றே, தூக்கியது பூஜ்யம். 1.5 மி.மீ. ஷீட்டுக்கு 1.2 மட்டும் மில்லிங் செய்திருந்தால், சரிவுகளிலும் ஃப்ளாட்டிலும் செங்குத்தாக 0.30 கூடி, சேடில் முன்னால் 0.42, பின்னால் 0.30 ஏறியிருக்கும். சாய்வும் அதோடு போயிருக்கும். எங்கே எவ்வளவு கழித்தோமோ அங்கே அவ்வளவு கூட்டுவது, இந்த வேலையின் கணக்கு இவ்வளவுதான்.

சேடில் இறங்கினால் அதில் தொங்கும் ஏப்ரனும் இறங்கும். லீட் ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே இருக்கிறது. லீட் ஸ்க்ரூவின் முதுகில் டயலை (நுண் அளவு காட்டும் கருவி) வைத்து, பெட்டின் நடுவில் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டை மூடினால் ஸ்க்ரூ 0.4 மி.மீ.க்கு மேல் கீழே வளைகிறது. கியர் பாக்ஸ் அருகில் வளைய இடமில்லாததால் லிவரே முழுதாக மூடுவதில்லை. இப்படியே புரி வெட்டினால் ஹாஃப் நட்டின் மேல்பாதிப் பற்களும் கியர் பாக்ஸின் கடைசி புஷ்ஷும் சீக்கிரம் தேயும். ஸ்க்ரூவின் ஒவ்வொரு சுற்றுக்கும் புரி அளவு கூடிக் குறையும். கியர் பாக்ஸ் போல்ட் ஓட்டைகளை நீளவாக்கில் ஃபைல் செய்து இறக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை உங்கள் தரப்பிலிருந்து வந்தது. சில பட்டறைகளில் அப்படிச் செய்வதுண்டு, தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் இடத்தை நிலைநிறுத்தும் டவல் பின் எல்லாம் இடம் மாற வேண்டும், சேடில் சாய்வு அப்படியே இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக லீட் ஸ்க்ரூவை அசைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது நீங்கள். சேடிலை நகர்த்தும் ரேக், பினியனில் கூடியுள்ள ப்ளே (ஆட்டம்) இதே காரணத்தால் வந்தது. சேடில் ஏறினால் அது தானே சரியாகிவிடும் என்பதால் தனியாகக் கேட்கவில்லை.

இதைவிட முக்கியமானது அடுத்தது. டெஸ்ட் பாரை (துல்லியமான சோதனைக் கம்பி) ஸ்பிண்டிலின் டேப்பர் துளையில் பொருத்தி, 300 மி.மீ. நீளத்துக்கு டயலை சேடிலோடு ஓட்டி, ஸ்பிண்டிலை அரைச் சுற்று திருப்பி மறுபடியும் ஓட்டி, சராசரி எடுத்தால், கிடைமட்டத்தில் பாரின் முனை ஆபரேட்டரை விட்டு 0.045 மி.மீ. விலகிப் போகிறது. மெஷின் டூல் சோதனை அளவுகளை வகுத்த ஷ்லெசிங்கர் காலத்திலிருந்து பின்பற்றும் அளவுப்படி முனை டூல் பக்கம் சாயலாம், அதுவும் 300-க்கு 0.02 வரைதான். எதிர்ப்பக்கம் சாயவே கூடாது. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த இடத்தில் 0.01 என்று இருக்கிறது, எந்தப் பக்கம் என்று இல்லை. பக்கம் எழுதாத அளவால் யாருக்கும் பயனில்லை.

டெஸ்ட் பாரைச் சந்தேகிக்க வேண்டாம். 40 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், 120 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர் (வளைய மேடு) விட்டு நடுவைக் குறைத்து, ஒரே மெல்லிய கட்டில் (வெட்டில்) இரண்டையும் கடைந்தால், வெளிக் காலர் 0.036 மி.மீ. பெரிதாக வருகிறது. 300-க்கு 0.045 என்றால் 120-க்கு 0.018, விட்டத்தில் இருமடங்கு. 150 மி.மீ. தட்டை ஃபேஸிங் செய்து (முகத்தைக் கடைந்து), டயலை மையத்தைத் தாண்டிப் பின்பாதியில் ஓட்டினால் இருமடங்குப் பிழையாக 0.022 காட்டுகிறது, அதாவது தட்டின் நடு 0.011 மேடு. ஃபேஸிங்கில் நடு குழியலாம், மேடாகக் கூடாது. மூன்று சோதனையும் ஒரே கோணத்தைச் சொல்லும்போது பார் வளைவு, டூல் தேய்வு, கம்பி ஸ்ப்ரிங் என்று எதையும் காரணம் சொல்ல முடியாது.

பின்னாலுள்ள ஜாக் ஸ்க்ரூவைத் திருப்பினால் சரியாகிவிடுமே என்பீர்கள். ஹெட்ஸ்டாக் திரும்பிவிடும், சரி. டெயில்ஸ்டாக்? அது ஓடுவது நீங்கள் தொடாத உள் வி கைடில். வெளி வி கைடு உள் வி கைடுக்கு இணையாக இல்லாவிட்டால், டெயில்ஸ்டாக்கை 500 மி.மீ. தள்ளும்போதெல்லாம் அதன் சென்டர் 0.075 பக்கவாட்டில் நகரும். இரண்டு சென்டருக்கு நடுவில் கடைந்தால் விட்டத்தில் 0.15 டேப்பர். ஒவ்வொரு ஜாப் நீளத்துக்கும் டெயில்ஸ்டாக்கை செட் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இது ஏன் நடந்தது என்பதற்கும் பெட்டிலேயே சாட்சி இருக்கிறது. வெளி ஃப்ளாட்டுக்கும் உள் ஃப்ளாட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டெப்த் மைக்ரோமீட்டரால் எடுத்தால், சக் பக்கம் டெயில்ஸ்டாக் முனையைவிட 0.15 மி.மீ. ஆழம். கழிக்கும் அளவைக் குறைக்க வேண்டும் என்று, தேய்ந்த வெளி கைடையே கிரைண்டர் டேபிளில் லெவலாக்கி ஆதாரமாக எடுத்திருக்கிறீர்கள். சக் அருகில் தேய்மானம் அதிகம் என்பதால் புதுப் பரப்பும் அந்தப் பக்கம் சாய்ந்தே வந்திருக்கிறது. வி கைடு பக்கவாட்டில் கோணலானதற்கும் காரணம் அதுவே. ஆதாரமாக எடுத்திருக்க வேண்டியது ஹெட்ஸ்டாக் மேடையும், டெயில்ஸ்டாக் அதிகம் ஓடாத உள் கைடும். தேயாத பரப்பை விட்டுவிட்டுத் தேய்ந்ததை ஆதாரமாக வைத்தால் தேய்மானத்துக்குப் பளபளப்பு ஏற்றிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

இந்தச் சாய்வு உங்கள் ஆட்களுக்குத் தெரியாமலும் இல்லை. ஹெட்ஸ்டாக்கைக் கழற்றியபோது சக் பக்கம் இரண்டு மூலையிலும் 0.05 பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) இருந்தது. ஷிம்மை எடுத்துவிட்டுப் பார்த்தால் டெஸ்ட் பாரின் முனை 300-க்கு 0.04 கீழே போகிறது. ஆக, ரிப்போர்ட்டில் செங்குத்து அளவு சரியாக வர ஷிம். இதில் வேடிக்கை, செங்குத்துப் பிழையால் கடைசல் விட்டம் மாறுவதே இல்லை என்று சொல்லலாம்: 40 மி.மீ. கம்பியில் 0.04 இறக்கம் ஆரத்தில் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அப்படியே விட்டத்தில் இறங்கும் கிடைமட்டப் பிழையை விட்டுவிட்டு, இதை மட்டும் மறைத்திருக்கிறீர்கள். பலன், ஹெட்ஸ்டாக் மேடையில் முழுதாக உட்காராமல் தகட்டின் மேல் நிற்கிறது; கம்பியைத் துண்டிக்கும் பார்ட்டிங் டூல் வைத்தாலே அதிர்கிறது. ஸ்பிண்டில் மூக்கு ஏறியதால் டெயில்ஸ்டாக் சென்டர் தாழ்ந்துவிட்டது. ரீமர் விட்டால் ஓட்டையின் வாய் அகலமாகிறது.

டர்சைட் ஒட்டிய தரத்தைப் பற்றி. ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீலச் சாயம்) தடவி ஓட்டினால் நாலு ஓரங்களில் மட்டும் பிடிக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. சதுர அங்குலத்துக்குப் பத்துப் புள்ளியாவது பரவலாக இருக்க வேண்டும். எண்ணெய்த் துளைகளில் இரண்டு பசையால் அடைத்திருக்கின்றன. ஒரு எண்ணெய்க் கால்வாய் ஷீட்டைத் தாண்டி வார்ப்பிரும்பு வரை வெட்டுப்பட்டிருக்கிறது. அதன் வழியே எண்ணெய் அடியில் புகுந்தால் பசை விடும், ஓரம் ஏற்கெனவே நகத்துக்குத் தூக்குகிறது. சேடில் முனைகளில் கைடைத் துடைக்கும் வைப்பர் ஃபெல்ட் பழையதே. அதில் கிரைண்டிங் பொடி. அதே பொடி கன்மெட்டல் புஷ்ஷின் எண்ணெய்க் குழியிலும் இருந்தது. மென்மையான கன்மெட்டலில் கல்பொடி புதைந்தால் அது புஷ்ஷை விட்டுவிட்டு ஸ்டீல் ஸ்பிண்டிலைத் தேய்க்கும். ஹெட்ஸ்டாக்கை மூடிவைக்க ஒரு பிளாஸ்டிக் உறை போதுமாயிருந்தது.

"பழைய மிஷின் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்ற உங்கள் பதிலை ஏற்க முடியாது. மேலே சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தேய்மானம் இல்லை. எல்லாம் உங்கள் கிரைண்டிங்குக்குப் பிறகு வந்தவை.

கேட்பது இது. ஹெட்ஸ்டாக் மேடையையும் உள் வி கைடையும் டயலால் ஓட்டி ஆதாரமாக எடுத்து, வெளி கைடுகளை மறுபடி கிரைண்ட் செய்யுங்கள். ஹார்டனிங் இல்லாத பெட், இன்னும் கழிக்க இடம் இருக்கிறது. மொத்தக் கழிவு செங்குத்தாக 0.40-க்குள் முடியும். பெட்டைக் கிரைண்டர் டேபிளில் கிளாம்ப் போட்டு இழுக்காதீர்கள். பாதங்களுக்கு அடியில் ஷிம் கொடுத்து, கிளாம்ப் இறுக்கும்போது டயல் அசையாதபடி பிடியுங்கள், இல்லையென்றால் அவிழ்த்ததும் வளையும். கடைசிக் கட்டுக்கு முன் பெட் முழுக்க ஆற வேண்டும். மேல்பரப்பு சூடாக இருக்கும்போது அது மேலே புடைக்கும், அப்போது கட்டு எடுத்தால் ஆறிய பின் நடு குழியும். இப்போதுள்ள டர்சைட்டை எடுத்துவிட்டு 2 மி.மீ. ஷீட் ஒட்டினால், 0.1 பசையோடு 2.1 வரும். முடிவில் வேண்டியது 1.9, மீதி 0.2 ஸ்க்ரேப்பிங்குக்குப் போதும். ஷீட்டின் எட்ச் செய்த கறுத்த பக்கம்தான் பசைக்கு. ஹெட்ஸ்டாக் ஷிம் இல்லாமல், ப்ளூவில் முழுப் பரப்பும் பிடித்து உட்கார வேண்டும். புஷ், எண்ணெய்க் குழிகளைக் கழுவி, வைப்பர் ஃபெல்ட் நாலையும் மாற்ற வேண்டும். போக்குவரத்துச் செலவு உங்களுடையது.

புது ரிப்போர்ட்டில் பெட்டின் மூன்று இடங்களில் எவ்வளவு கழித்தீர்கள் என்பதும், ஒவ்வொரு பிழையும் எந்தப் பக்கம் என்பதும் இருக்க வேண்டும். டெலிவரிக்கு முன் டெஸ்ட் பார், இரண்டு காலர், ஃபேஸிங் சோதனைகள் உங்கள் பட்டறையிலேயே என் முன்னிலையில் நடக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் வேலையை ஒப்புக்கொண்டு எழுத்தில் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தரப்படும். இது வீட்டு உபயோகத்துக்கான லேத், வியாபாரத்துக்கு அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த இரண்டு ஷிம்களும் கவரில் பத்திரமாக இருக்கின்றன. கொட்டேஷன், இன்வாய்ஸ், உங்கள் ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல்களும் அளவுகள் எடுத்த படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.